கையறுநிலையும் கைவினையும்

தமிழகத்துச் சிற்றூர்களில் இந்துக் குடும்பமொன்றில் இறப்பு நேர்ந்தால், பச்சை மூங்கிலையும் தென்னங்கீற்றையும் கொண்டு வாசலிலேயே பாடை கட்டுவர். உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மூங்கிலை வெட்டுபவர் ஒருவர். கயிற்றை முறுக்குபவர் ஒருவர். கீற்றை முடைபவர் ஒருவர். பினாங்கில் இவ்வழக்கம் அருகி, மரப்பெட்டி அதன் இடத்தை எய்தி நெடுங்காலம் ஆயிற்று. பத்து லஞ்சாங் எரியிடத்திற்குச் செல்லும் இந்துவின் உடல் பெட்டியிலேயே செல்கிறது. பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தைச் சார்ந்த தமிழ்க் கத்தோலிக்கரும் தம் இறந்தோரைப் பெட்டியிலேயே அடக்கம் செய்கின்றனர். தமிழ் முசுலிம்கள் உடலைச் சந்தூக்கில் வைத்துச் சுமந்து சென்று, உடலை மட்டும் மண்ணிடம் ஒப்படைத்துவிட்டுச் சந்தூக்கைத் திரும்பக் கொணர்கின்றனர். சமயம் வேறாயினும், ஜார்ஜ்டவுன் தமிழரின் துக்க வீட்டில் பெரும்பாலும் முதலில் எழும் வினா, பெட்டி வந்துவிட்டதா என்பதே.

அப்பெட்டியைச் செய்தவர் யார் என்று வினவுவார் இலர். தொலைபேசியில் அழைத்தால் பெட்டி வருகிறது. அதன் விலை அறிவிக்கப்படுகிறது. அதை அறுத்தவர், இழைத்தவர், பூட்டியவர் ஆகியோரின் கைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் புலவர் இருவர், இறந்தோர்க்குரிய கலத்தைச் செய்பவனின் முன் நேரே சென்று நின்றனர். அவனை விளித்துப் பேசினர். புறநானூற்றின் 228ஆம் பாடலும் 256ஆம் பாடலும் அவை. இறந்த நண்பனுக்கு ஒரு கலம் செய்வது என்றால் என்ன என்னும் வினாவை இவ்விரு பாடல்களைப்போல் கூர்மையாக எழுப்பியவை வேறு இல்லை எனலாம். அவற்றை அவ்வினாவின் ஒளியில் மீண்டும் கற்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி செய்வோன் முதலில் செய்வது

நண்பனுக்காகத் தன் கையாலேயே பெட்டி செய்யப் புகும் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பலகையைத் தேர்வதற்கு முன்னரே அவன் செய்ய வேண்டிய செயல் ஒன்றுண்டு. அது அளத்தல். தலை முதல் கால் வரை நீளம், அதற்குமேல் சில விரற்கடை இடைவெளி, தோளின் அகலம், மார்பின் உயரம். மேலைநாட்டு வழக்கில் அமைந்த அறுகோணப் பெட்டி தோளருகே அகன்றும் காலருகே குறுகியும் இருக்கும். ஆதலின் தோளின் அளவு பிழைத்தால் பெட்டி முழுதும் பிழைத்துவிடும். அதன் பின்னரே வாளும் இழைப்புளியும் கைக்கு வரும்.

இவ்வாறு தம் பெட்டியைத் தாமே செய்வோர் இன்றும் உளர். நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரில் 2010ஆம் ஆண்டு, இறுதிக்கால நோயாளரைப் பேணும் செவிலியராகப் பணியாற்றியிருந்த கேட்டி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் ஒரு மன்றம் தொடங்கினார். முதியோர் ஒன்றுகூடி, ஒருவர்க்கொருவர் துணைநின்று, தத்தம் பெட்டிகளைச் செய்து வண்ணம் தீட்டிக் கொள்வதே அம்மன்றத்தின் பணி. சீனரிடையே, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே நல்ல மரத்தில் பெட்டி செய்து வைத்து, அம்மரத்தை நீடுவாழ்வு மரம் என வழங்கும் பழைய மரபு உண்டு. சாவைப் பற்றிப் பேசவே அஞ்சும் மக்களுக்கு இவை வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இவற்றின் அடியில் இருக்கும் உணர்வு எளியது. வாங்கிய பெட்டி ஒரு பொருள். செய்த பெட்டி ஓர் உறவு. அளப்பவன் யாரை அளக்கிறான் என்பதை அறிந்தே அளக்கிறான்.

இவ்வளவு என்னும் சொல்லே புறநானூற்றுப் பாடல்கள் இரண்டையும் திறக்கும் திறவுகோல்.

ஓர் இறப்பு, மூன்று பாடல்கள்

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் சோழ மன்னன் இறந்தபோது பாடப்பட்ட மூன்று பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. 226ஆம் பாடல் மாறோக்கத்து நப்பசலையாருடையது. கூற்றம் பகைத்தோ சினந்தோ அவனை வென்றிருக்க முடியாது. பாடுநரைப்போல் கைகூப்பி இரந்தே அவன் உயிரைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறார் அவர். 227ஆம் பாடல் ஆடுதுறை மாசாத்தனாருடையது. அறிவில்லாத கூற்றமே, விதை நெல்லையே சமைத்து உண்டுவிட்டாயே என அவர் இடித்துரைக்கிறார். போர்தோறும் பல உயிர்களைக் கூற்றத்திற்கு உணவாக அளித்து வந்தவனையே அது உண்டுவிட்டது என்பது கருத்து.

இவ்விருவரும் கூற்றத்தை நோக்கிப் பேசினர். மூன்றாமவராகிய ஐயூர் முடவனார் கூற்றத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மூதூரின் ஓரத்தே சூளையருகில் நிற்கும் வேட்கோவனிடம் அவர் செல்கிறார். ஒரே இறப்பை மூவர் பாடும்போது இருவர் கண்ணுக்குத் தெரியாத தெய்வத்தையும், ஒருவர் மண்பிசையும் மனிதனையும் விளித்தது கருதத்தக்கது. கூற்றத்தை வைது பயன் இல்லை. அது மறுமொழி கூறாது. வேட்கோவனோ காலையில் எழுந்து வேலைக்குச் செல்ல வேண்டியவன். மன்னன் இறந்த செய்தி அவனுக்கு ஒரு பணியாகவே வந்து சேர்கிறது.

இரங்கத்தக்கவன் யார்?

228ஆம் பாடலின் ஓட்டம் இது. முதலில் வேட்கோவன் விளிக்கப்படுகிறான். அடுத்து அவனுடைய சூளை காட்டப்படுகிறது. இருள் ஒன்றுதிரண்டாற்போன்ற கரும்புகை அகன்ற வானில் சென்று தங்குகிறது. பின்னர், நீ இரங்கத்தக்கவன், இனி என்ன ஆவாயோ என்று புலவர் அவனுக்காக வருந்துகிறார். அதன் பின்னரே மன்னனின் பெருமையும் அவன் தேவருலகு எய்திய செய்தியும் வருகின்றன. இறுதியில் வினா எழுகிறது: அத்தகையவனைக் கவிக்கும் தாழியை வனைய விரும்பினால், பெருநிலத்தைத் திகிரியாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் இயலுமோ?

வகுப்பறைகளில் இப்பாடலை உயர்வு நவிற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறி முடித்துவிடுவதுண்டு. மன்னனின் புகழ் நிலத்தினும் பெரிது. எனவே தாழியும் அத்துணைப் பெரிதாக வேண்டும் என்பது அவ்விளக்கம். அது தவறன்று; ஆனால் முழுமையும் அன்று. புகழ்ச்சியே நோக்கமாயின், வேட்கோவனை இரங்கத்தக்கவன் என்று கூற வேண்டிய தேவை என்ன? இறந்தவன் மன்னன், அழுபவர் புலவர், இரக்கமோ மண்பிசையும் தொழிலாளிக்கு. இந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் பாடலின் உயிர்நிலை போய்விடுகிறது.

வேட்கோவனின் தொழிலை அறிந்தார்க்கு இவ்விரக்கத்தின் காரணம் விளங்கும். ஓர் ஆளை உள்ளடக்கும் பெருந்தாழியைச் சிறு கலயம்போல் ஒரே இருப்பில் திகிரியில் வனைந்து எடுத்துவிட இயலாது. மண்ணை வளையம் வளையமாக ஏற்றி, உள்ளும் புறமும் தட்டி, அடிப்பகுதி சற்று இறுகியபின் மேற்பகுதியை உயர்த்த வேண்டும். விரைந்து உலர்ந்தால் வெடிக்கும். ஈரத்தோடு சூளையில் ஏற்றினாலும் வெடிக்கும். பெருந்தாழி பொறுமையின் வேலை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு யாகோர் என்னும் செர்மானிய அறிஞரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்து கண்ட முதுமக்கள் தாழிகள், இத்தொழில் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருந்தது என்பதற்குச் சான்று பகர்கின்றன. எலும்புகளைத் தாங்கிய அத்தாழிகள் நூற்றாண்டுகள் பல கடந்தும் மண்ணுள் நின்றன. அவற்றை வனைந்த கைகளின் பெயர் எதுவும் எஞ்சவில்லை.

ஐயூர் முடவனார் அந்தப் பெயரற்ற கையை நோக்கியே பேசுகிறார். தொழிலாளிக்குத் தரப்பட்ட பணி அளவுக்குட்பட்டது. இறந்தவனின் பெருமையோ அளவுக்கு அடங்காதது. உடலுக்கு அளவெடுக்கலாம், ஒருவன் பிறர் வாழ்வில் நிரப்பிய இடத்திற்கு எக்கோலால் அளவெடுப்பது? நண்பனுக்குப் பெட்டி செய்யும் தச்சனுக்கும் இதே இடர் உண்டு. ஆறடிப் பலகையில் நாற்பதாண்டு நட்பு அடங்காது. அவ்வியலாமையை மன்னனின் புகழாகக் கூறியதோடு நில்லாமல், அதைச் சுமக்க வேண்டிய கையின் துன்பமாகவும் கண்டதே இப்பாடலின் தனிச்சிறப்பு.

இருவர்க்கு இடம்

256ஆம் பாடல் ஏழே அடிகள் கொண்டது. பாடியவர் பெயர் தெரியவில்லை. இதிலும் அதே வேட்கோவன்; அதே மூதூர்; ஆனால் வேண்டுகோள் வேறு. வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்ட சிறிய வெண்ணிறப் பல்லி, வண்டி சென்ற இடமெல்லாம் தானும் சென்றது. அப்பல்லியைப்போல் அவனோடு சுரம் பல கடந்து வந்த எமக்கும் அருள்செய்து, தாழியை இருவர்க்கும் ஆகுமாறு அகலமாக வனைக என்று கேட்கிறது அக்குரல்.

உவமையின் நுட்பம் நோக்கத்தக்கது. பல்லி வண்டியை இழுப்பதில்லை. செல்லும் வழியைத் தேர்வதுமில்லை. சக்கரம் சுழலும்போது அதுவும் மேலும் கீழுமாய்ச் சுழல்கிறது. பாதை கடுமையானது என்பது அதற்குத் தெரியும். எனினும் அது ஆரத்தை விடுவதில்லை. துணையாக வாழ்ந்தோரின் வாழ்வு இத்தகையது. வண்டி நின்றபோது பல்லி எங்குச் செல்லும்? இவ்வினாவைப் பாடல் வெளிப்படக் கேட்பதில்லை; வேட்கோவனிடம் அகலத்தை மட்டும் கேட்கிறது.

228ஆம் பாடல் கேட்ட தாழி எவராலும் வனைய இயலாதது. 256ஆம் பாடல் கேட்கும் தாழியோ வனையத்தக்கது. சில சாண் கூடுதல் அகலம், சிறிது கூடுதல் மண், சூளையில் இன்னும் சற்று நேரம். முன்னதில் துயரம் மலையளவு விரிகிறது. பின்னதில் அது ஒரு கலத்தின் வாயளவுக்குச் சுருங்குகிறது. சுருங்கியதனாலேயே அது நெஞ்சை மிகுதியும் தைக்கிறது. இயலாத ஒன்றைக் கேட்பவரின் அழுகையைக் கற்பனை எனக் கொள்ளலாம். இயலக்கூடிய ஒன்றைக் கேட்பவர் உண்மையாகவே கேட்கிறார்.

துறைக்குறிப்பும் பாடலும்

256ஆம் பாடலின் துறை முதுபாலை எனக் குறிக்கப்பட்டுள்ளது. சுரத்தின் நடுவே கணவனை இழந்து தனித்து நின்ற பெண்ணின் புலம்பல் முதுபாலை எனப்படும். இத்துறைக்கு ஏற்பவே, தாழியை அகலமாக்கக் கேட்பவள் மனைவி என்று பொருள் கொள்ளப்படுகிறது. புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்கு அமைந்த பழைய உரையின் துணை இப்பாடலுக்கும் உண்டு. 1894ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலைப் பதிப்பித்த நாள் முதல் இப்பொருளே கற்பிக்கப்பட்டு வருகிறது.

மரபு கூறும் பொருளை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பாடலின் சொற்களை மட்டும் கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மனைவி என்றோ கணவன் என்றோ குறிக்கும் சொல் எதுவும் பாடலுக்குள் இல்லை. ஒருவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவர் என்பதே பாடல் தரும் செய்தி. மனைவி கடந்து வரலாம், பாணன் வரலாம், தோழன் வரலாம். துறைக்குறிப்பை ஒரு கணம் ஒதுக்கிவைத்து மாணவரைப் படிக்கச் சொன்னால், பாடல் நட்பின் பாடலாகவும் நிற்பதை அவர்கள் காண்பர். துறை பாடலுக்கு வழிகாட்ட வந்தது; பாடலுக்கு வேலியிட வந்தது அன்று.

இவ்வாறு படிப்பதற்குப் புறநானூற்றுக்குள்ளேயே வலுவான துணை இருக்கிறது. அது கோப்பெருஞ்சோழன் வரலாறு.

நட்பு கேட்ட இடம்

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்தபோது, தன்னை ஒருமுறையும் நேரில் கண்டிராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவார் என உறுதியாக நம்பினான். 216ஆம் பாடலில், அவர் இப்போதே வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்று அருகிலிருந்தோரிடம் கூறுகிறான். சாகும் வேளையில் நண்பனுக்காக அவன் விட்டுச் சென்றது பொன்னும் நாடும் அல்ல. தன் பக்கத்தில் ஓர் ஆள் அமரும் இடம்.

பிசிராந்தையார் வந்தார். மற்றொரு நண்பராகிய பொத்தியாரும் உடனிருக்க விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக எனச் சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். உறையூருக்கு மீண்ட பொத்தியார், யானையை இழந்த பாகன் வெறுந்தறியைக் கண்டு அழுவதுபோல் மன்னனில்லாத மன்றத்தைக் கண்டு அழுதார். இது 220ஆம் பாடல். மகன் பிறந்தபின் அவர் மீண்டும் சென்றபோது சோழன் நடுகல்லாகியிருந்தான். எனக்குரிய இடம் எது என்று அக்கல்லையே கேட்கிறார் 222ஆம் பாடலில். கல்லானபின்னும் நண்பர்க்கு இடம் அளித்தான் என்று 223ஆம் பாடலில் வியக்கிறார்.

இம்மூன்று பாடல்களையும் 256ஆம் பாடலின் அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். சோழன் இடம் ஒதுக்கச் சொல்கிறான். பொத்தியார் இடம் கேட்கிறார். பெயரறியாக் குரல் தாழியில் இடம் கேட்கிறது. சொற்கள் வேறு, வேட்கை ஒன்று. சங்கப் புலவர்க்கு நட்பின் அளவுகோல் இடமே. ஒருவன் இறந்த இடத்தில் மற்றொருவனுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைக் கொண்டே அவர்கள் நட்பை அளந்தனர். இன்றைய மனம் உடன் இறத்தலை ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. ஆனால் அவ்வேண்டுகோளின் உள்ளே இருப்பது சாவின்மேல் கொண்ட விருப்பம் அன்று. பிரிய மறுக்கும் பழக்கம். அதை மாணவர்க்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை.

மரத்தில் அமைந்த இரு சான்றுகள்

தாழியைப் பற்றிய இச்சிந்தனை பெட்டிக்கும் பொருந்துமா என்பதற்கு மேலை இலக்கியத்திலிருந்து இரு சான்றுகள் காட்டலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட மோபி டிக் என்னும் புதினத்தில், குவீக்வெக் என்னும் தீவுவாசி கப்பலில் கடுங்காய்ச்சலுற்றுச் சாகும் நிலையை அடைகிறான். தனக்கு ஓடம் போன்ற பெட்டி ஒன்று வேண்டும் என்கிறான். கப்பல் தச்சன் அளவுகோலோடு வந்து, எவ்வித உணர்ச்சியும் இன்றி, மிகத் துல்லியமாக அவன் உடலை அளக்கிறான். பெட்டி முடிகிறது. அதனுள் படுத்துப் பார்த்த குவீக்வெக், கரையில் செய்து முடிக்காத கடமை ஒன்றை நினைத்துப் பிழைத்து எழுகிறான். பின்னர் அப்பெட்டி அவனுடைய துணிப்பெட்டியாகிறது. அதன்பின் கப்பலின் உயிர்மிதவையாகிறது. கதையின் முடிவில் கப்பல் மூழ்க, அவனுடைய நண்பன் இஷ்மேல் அப்பெட்டியைப் பற்றிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்து உயிர் தப்புகிறான்.

256ஆம் பாடல் நண்பனின் கலத்துக்குள் செல்ல இடம் கேட்டது. மெல்விலின் கதையில் நண்பனின் கலம் மற்றவனை உயிரோடு கரைசேர்க்கிறது. தச்சன் ஒருவனுக்காகவே அளந்தான். ஆனால் அளந்த பெட்டி இருவர்க்குப் பயன்பட்டது. புறநானூற்றின் 238ஆம் பாடலில், தன் புரவலன் வெளிமான் இறந்தபோது பெருஞ்சித்திரனார் தம் நிலையை, மழை பெய்யும் இரவில் மரக்கலம் கவிழக் கடலில் வீழ்ந்த கண்ணில்லாத ஊமனின் நிலையோடு ஒப்பிடுகிறார். பற்றிக்கொள்ள மரம் இல்லாதவரின் துயரம் அது. இவ்விரு கடற்காட்சிகளையும் ஒப்பிட்டுக் கற்பிப்பது மாணவர்க்குப் பெரும்பயன் தரும்.

மற்றொரு சான்று, வில்லியம் ஃபாக்னர் 1930இல் எழுதிய புதினம். சாகக் கிடக்கும் தாயின் சன்னலுக்கு வெளியே மூத்த மகன் கேஷ் அவளுக்கான பெட்டியைச் செய்கிறான். ஒவ்வொரு பலகையையும் அவள் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுகிறான். பலகைகளைச் சாய்வாகச் சேர்த்ததற்குரிய காரணங்களைப் பதின்மூன்றாக எண்ணிக் கூறுகிறான். தாயின் மேலுள்ள அன்பைப் பற்றி அவன் அங்கு ஒன்றும் கூறவில்லை. ஆணியையும் பொருத்தையும் பற்றியே கூறுகிறான். அழத் தெரியாதவனுக்கு இழைப்புளி அழுகையாகிறது. அவ்வளவு கருத்தோடு செய்த பெட்டியிலும், தாயின் மணவாடை கசங்கக்கூடாது என்று பெண்டிர் உடலைத் தலைமாறாகக் கிடத்த, அவன் கணக்கிட்ட சமநிலை குலைந்துவிடுகிறது. கைத்திறன் எத்துணைச் சிறப்பினும் சாவின் முன் அது குறையுடையதே என்னும் உண்மையை, மலையை மண்ணாகக் கொள்ள இயலுமோ என்று வினவிய ஐயூர் முடவனார் முன்னரே கூறிவிட்டார்.

கலம் வேண்டுவதில்லை என்பார்க்கு

இவற்றையெல்லாம் கேட்டபின் ஒருவர் மறுத்துக் கூறலாம்: உயிர் நீங்கிய உடலுக்குப் பெட்டி எதுவாயின் என்ன? யார் செய்தால் என்ன? புறநானூறே இதற்கு இடம் தருகிறது. 239ஆம் பாடலில் பேரெயின் முறுவலார், நம்பி நெடுஞ்செழியன் வாழ்ந்த வாழ்வை அடுக்கடுக்காகக் கூறி, செய்யத்தக்கவை அனைத்தையும் அவன் செய்து முடித்தான். இனி அவன் தலையைப் புதைப்பினும் எரிப்பினும் நேர்வது நேர்க என்று முடிக்கிறார்.

வன்மை மிக்க முடிவு அது. ஆனால் அம்முடிவுக்கு வருமுன் புலவர் செய்ததை மறத்தல் ஆகாது. அவன் சூடிய மாலை, பூசிய சாந்தம், வென்ற பகை, உயர்த்திய நட்பு என ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குகிறார். தலை முதல் கால் வரை அளவெடுப்பதுபோல் அவன் வாழ்வை அளவெடுக்கிறார். அளந்து முடித்தபின்னரே, இனிக் கலம் வேண்டுவதில்லை என்கிறார். அளவெடுத்தவர்க்கே அவ்வாறு கூறும் உரிமை உண்டு. அளக்காமலேயே எதுவாயின் என்ன என்பது துறவு ஆகாது, பாராமுகம் ஆகும்.

அளக்கப்படாமல் போனவர்களின் துயரை மலேசியத் தமிழர் நன்கு அறிவர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் இடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். காலராவில் இறந்தோரின் உடல்கள் குழிகளில் ஒருங்கே இடப்பட்டன, எரிக்கப்பட்டன. அவர்க்குப் பாடை இல்லை, பெட்டி இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. நெடுங்காலத்திற்குப் பின், ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் போன்ற மலேசியத் தமிழ்ப் புதினங்களே அவர்களுக்கு இடம் அளித்தன. கலம் கிடைக்காதவர்க்கு எழுத்து கலமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வகுப்பறைக்கு உரிய பாடம்

கழிந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதைத் தொல்காப்பியம் கையறுநிலை என்னும் பெயரால் குறிக்கிறது. கை என்னும் சொல் உறுப்பையும் குறிக்கும், செயலையும் குறிக்கும். செய்வதற்கு ஒன்றும் இல்லாமற் போதலே கையறுதல். தேர்வுக்காக இச்சொல்லுக்குப் பொருள் எழுதும் மாணவர் பலர். அதனுள் ஒரு கை இருப்பதைக் காண்பவர் சிலரே.

வேட்கோவனை விளிக்கும் பாடல்கள் இரண்டும் துறைவகையால் கையறுநிலை அல்ல. 228ஆம் பாடலின் துறை ஆனந்தப்பையுள் என்றும், 256ஆம் பாடலின் துறை முதுபாலை என்றும் குறிக்கப்பட்டுள்ளன. எனினும் கையறுநிலையின் மறுபக்கத்தை இவையே காட்டுகின்றன. அழுபவரின் கைக்கு வேலை அற்றுப்போன வேளையில், ஊரின் ஓரத்தில் ஒரு கைக்கு மட்டும் வேலை இருக்கிறது. கையற்றவர் கையுடையவனிடம் செல்கிறார். ஒருவர் அவனுக்காக இரங்குகிறார். மற்றவர் அவனிடம் இரக்கிறார். இரங்குதலும் இரத்தலும் ஒரே வாயிலில் வந்து நிற்கின்றன.

இவ்விரு பாடல்களும் மெல்விலின் தச்சனும் சேர்ந்து மூவகை அளவுகளை நமக்குக் காட்டுகின்றனர். தச்சன் அளந்தது உடலை. ஐயூர் முடவனார் அளந்தது புகழை. பெயரறியாக் குரல் அளந்தது உறவை. நண்பனுக்குத் தன் கையால் பெட்டி செய்பவனின் நெஞ்சில் இம்மூன்று அளவுகளும் இருக்கும். மரம் ஏற்பது முதலாவதை மட்டுமே. எஞ்சிய இரண்டையும் ஏற்பதற்கு வேறு கலம் வேண்டும். அதற்காகவே கையறுநிலைப் பாடல்கள் பிறந்தன எனலாம்.

பினாங்குத் தமிழ்ப் பள்ளிகளின் மாணவர்க்குத் தாழி அயலானது; சூளையின் புகையை அவர்கள் கண்டதில்லை. ஆனால் பெட்டியை அவர்கள் அறிவர். துக்க வீட்டின் முற்றத்தில் அது இறக்கப்படும் ஓசையை அவர்களுள் பலர் கேட்டிருப்பர். அவ்வறிவிலிருந்து தொடங்கி 228ஆம் பாடலுக்குச் செல்லும் ஆசிரியர், அரும்பதவுரையிலிருந்து தொடங்குபவரைவிட விரைவாகப் பாடலின் உள்ளே மாணவரைச் சேர்ப்பார். ஜார்ஜ்டவுனின் பழைய தெருவொன்றில் தச்சுப் பட்டறையைக் கடக்கும்போது, பலகையை இழைக்கும் கையை மாணவர் ஒருவர் ஒரு நொடி நின்று நோக்குவாராயின், ஐயூர் முடவனாரின் பாடல் அவருக்கு முழுமையாக விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.